பிராக்டீஸ் பார்க்கப் போன பதினான்கு பேர்

உட்கார்ந்த இடத்தில் என் வலது கால் தன்பாட்டில் ஆடும். கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் மேசையைப் பார்ப்பார், பிறகு கூரையைப் பார்ப்பார், பூமி அதிரவில்லை என்று உறுதியானதும் என்னைப் பார்ப்பார். வைத்தியர் இதற்கு ஒரு மாத்திரையும் நீளமான ஒரு பெயரும் வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது வேறு விளக்கம். அதை அவரிடம் சொல்ல முடியாது. அவர் சின்னப் பையன். என் வயதுக்காரர்களிடம் சொல்லலாம். அதாவது, தொலைபேசியில் பேசக் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட ஞாபகம் உள்ளவர்களிடம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரத்தினபுரிப் பக்கம், ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர், மிச்சமெல்லாம் மழை. தேசிய கிரிக்கெட் அணி பயிற்சி எடுப்பதைப் பார்க்கக் கொழும்புக்குப் போவதென்று அந்த வருடம் ஒரு திட்டம் கிளம்பியது. திட்டம் ஏழு வாரம் ஓடியது. கால் ஆட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கவனியுங்கள், மேட்ச் பார்க்க அல்ல. பிராக்டீஸ் பார்க்க.

யோசனை மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இருபத்து மூன்று வயது. தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்குகிற வேலை. தோட்டத்து அணியின் இடதுகைச் சுழல்பந்து. டுபாய் போக பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டு, இன்றைக்கா நாளைக்கா என்று இருந்தார். போவதற்கு முன்னால் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மேட்ச் டீவியில வருதுக்கா. பிராக்டீஸ் வருதா? மேட்சுல அவன் முதுகுதான் தெரியுது. வலைக்குப் பக்கத்துல போய் நின்னா வெரல் தெரியும்."

"வெரலப் பார்த்து என்னா செய்யப் போற, மோதிரம் போடப் போறியா?" என்றாள் அம்மா.

"நீ சிரி. அவன் பந்த எப்பிடிப் பிடிக்கிறான்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

அவன் என்றால் தேசிய அணியின் இடதுகைச் சுழல்காரர். மாமாவின் கவலையை விளங்கிக்கொள்ள எங்கள் பந்தை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டில் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக் கிடக்கும், ஒட்டுப்பால் என்போம். அதை உரித்து, ஒரு கூழாங்கல்லின் மேல் நூற்கண்டு போலச் சுற்றினால் பந்து. செத்த எலியின் வாசனை வரும். தரையில் பட்டதும் அது எந்தப் பக்கம் போகும் என்பது போடுகிறவனுக்கும் தெரியாது, அடிக்கிறவனுக்கும் தெரியாது. அந்தப் பந்தால் மாமா மூன்று தோட்டங்களை உருட்டியிருந்தார். சுழன்றது தன் விரலா, அல்லது பந்தின் கோணல் புத்தியா? இதுதான் அவரை அரித்தது. பந்து தேயிலைக்குள் போனால் அட்டைக்கடியோடு தேடி எடுத்து வருகிறவள் நான் என்பதால், சந்தேகத்தில் எனக்கும் பங்கிருப்பதாக நினைத்தேன். நானும் வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விரலைப் பார்க்க வேண்டும்.

முதல் திட்டத்தில் எனக்கு இடமில்லை. கல்யாணமாகாத ஐந்து பேர், ஒரு வேலை நாளில் ஒரு பேர் போனால் போகட்டும் என்று பஸ்ஸில் போய்வருவது. பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலை. வேலைக்குப் போனால் பேர் விழும், போகாவிட்டால் விழாது. அரை நாள் செய்தால் அரைப்பேர் என்று மனிதனைப் பாதியாக வெட்டி எழுதுவார்கள்.

பிறகு இதில் கிளார்க்கையா நுழைந்தார். தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது யாருக்கு எத்தனை பேர் என்கிற பதிவேடு, எழுதுகிறவர். ஐந்து பேர் பஸ்ஸில் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு அது பயணமாகத் தெரியவில்லை, ஒழுங்கீனமாகத் தெரிந்தது.

"போறதுன்னா முறையாப் போகணும். டவுன்ல கடை மொதலாளிகிட்ட வேன் இருக்கு. பதினாலு சீட். போயா அன்னைக்குப் போனா யாருக்கும் பேர் போகாது. குடும்பமாப் போகலாம்." போயா என்றால் பௌர்ணமி, நாடு முழுக்க லீவு.

"போயாவுல பிராக்டீஸ் இருக்குமாங்கய்யா?" என்று மாமா கேட்டார்.

கிளார்க்கையா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என்னா கேள்வி கேக்குற? நீ எப்போ வெளையாடுற?"

"போயாவுல. ஞாயித்துக்கெழமையில."

"ஏன்?"

"மத்த நாள்ல வேலைங்களே."

"அவுங்களுக்கு மட்டும் வேலை இல்லையா? எல்லாம் பேங்க்ல, கம்பெனியில வேலை செய்ற ஆளுங்கப்பா. லீவு நாள்லதான் பேட்டத் தொடுவாங்க."

சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டினோம். விளையாட்டையே ஒருவன் வேலையாகச் செய்வான், அதற்கு அவனுக்குப் பேர் விழும், அவனுக்கும் போயாவுக்கு லீவு வேண்டியிருக்கும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு வேலை என்றால் முதுகில் கூடை இருக்க வேண்டும்.

இரண்டாவது திட்டம் எனக்கு ஏன் உயிர் என்றால், அம்மா ஒரு விதி போட்டிருந்தாள். "பொம்பளைங்க போனா நான் போவேன். நான் போனா நீ வரலாம். இல்லாட்டி வாயப் பொத்திக்கிட்டு இரு." போயா என்றால் வேன், வேன் என்றால் அம்மா, அம்மா என்றால் நான். இந்தச் சங்கிலியை ஏழு வாரமும் ஒரு நாளைக்கு நூறு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

கிளார்க்கையா பெயர்ப் பட்டியல் எழுதினார். முதல் பட்டியலில் நான் பதினான்காவது. இரண்டாவதில் பதினாறாவது, வேனில் பதினாறாவது சீட் கிடையாது. மூன்றாவதில் எனக்கு எதிரே கேள்விக்குறி இருந்தது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து முடித்ததும், அவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து எதையாவது திருத்துவார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி அது அல்ல. இருந்தும் நான் அந்த வழியாகத்தான் போனேன். மழை நிற்கவேயில்லை. அம்மா பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்துத் துவைத்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் குறுக்கே கொடியில் போட்டிருந்தாள். அது காயவுமில்லை, அவள் எடுக்கவுமில்லை. மூன்று வாரம் அதற்கடியில் குனிந்து குனிந்து போய்வந்தேன்.

"எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?" என்று அம்மா மாமாவிடம் கேட்பாள்.

"ஒம்பதுக்கு."

மறுநாளும் கேட்பாள். பயணத்தில் என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, நான் சலித்துக்கொள்வேன்.

கடைசியில் கிளார்க்கையா ஒரு சம்பிரதாயத்தை நினைவுபடுத்தினார். போகும் முன் கொழும்பு மைதானத்து ஆபீசுக்குப் போன் செய்து நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அதையும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் மரியாதையாகப் பதில் வரும். அவரே பேசலாமே என்றதற்கு, தன் குரலைக் கொழும்பில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு எட்டிவிடும் என்றார். கொழும்பில் அவர் குரலை அறிந்தவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்று என்னைப் பிடித்தார்கள். கிளார்க்கையா எழுதித் தந்ததை இரண்டு நாள் பாடமாக்கினேன்: "குட் மோர்னிங் சேர், வீ ஆர் தி லோயல் சப்போர்ட்டர்ஸ் பிரம் தி எஸ்டேட் செக்டர்." இதற்குப் பிறகும் ஐந்து வரி இருந்தது. அதில் 'ஹம்பிள்' மூன்று தரம் வந்தது.

மாமா என்னை டவுனுக்குக் கூட்டிப் போனார். வழியில் நிலவரத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"போயாவுல பிராக்டீஸ் இருந்தா வேன்ல எல்லாரும் போறோம். இல்லாட்டி நாங்க அஞ்சு பேரு வேலை நாள்ல பஸ்ல போறோம். எனக்கு எதுன்னாலும் சரிதான், புள்ள. நீ நல்லாக் கேட்டுட்டு வா."

கொமினிகேஷன் கடையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு முக்காலி, ஒரு போன், யாரோ குடித்துவிட்டுப் போன சிகரெட்டின் நாற்றம். நான் உள்ளே, மாமா வெளியே, கண்ணாடியில் மூக்கு படாத குறையாக. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"குட் மோர்னிங் சேர், வீ ஆர் தி லோயல்..."

"கவுத?" என்று அந்த ஆள் சிங்களத்தில் கத்தினார். யார் என்று கேட்கிறார். ஆறு வரி ஆங்கிலமும் வாய்க்குள் செத்தது. சிங்களம் எங்களுக்கு வீட்டுப் பாஷை மாதிரிதான். பிராக்டீஸ் எந்த நாளில் என்று கேட்டேன். தூரத்து ஊர் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் எல்லோரும் தூரத்துக்குத் தக்கபடி கத்துவார்கள், இவரும் கத்தினார். எல்லா நாளும், காலை ஒன்பது மணிக்கு, வலைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பிறகு ஒன்று சொன்னார்:

"போய தவசட நே."

போயா நாளில் இல்லை.

வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா புருவத்தைத் தூக்கினார். கதவைத் திறப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? அந்த நேரத்துக்குள், பெரிய மனிதர்கள் ஒரு வாழ்நாள் எடுத்துக்கொண்டு கற்கிற கலையை நான் கற்றேன். பொய் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தேன்.

"எல்லா நாளும் இருக்காம் மாமா. ஒம்பது மணிக்கு. பக்கத்துல நிக்கலாமாம்."

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லா நாளும்."

"ஆமா."

"சரி. அப்போ போயாவுக்கே போவோம்," என்றார். எனக்குத் தின்ன ஒரு பனிஸ் வாங்கித் தந்தார்.

மிச்சமிருந்த இரண்டு வாரம் நான் அனுபவித்ததைச் சித்திரவதை என்று எழுதினால் மிகை. ஆனால் கால் ஆட ஆரம்பித்தது அப்போதுதான். இரவில் போர்வைக்குள் ஆடும். அம்மா அதன் மேல் தன் காலைப் போட்டு அமுக்கிவிட்டுத் தூங்குவாள். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: அணியினர் அந்த ஒரு போயாவில் மட்டும் ஒருவேளை வந்துவிடலாம். முக்கியமான தொடர் வரப்போகிறதல்லவா, பொறுப்புள்ளவர்கள்தானே. கோயில் பக்கம் போகும்போதெல்லாம் பதினொரு பேருக்காக வேண்டிக்கொண்டேன். பிறகு மேலதிக ஆட்டக்காரனையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கினேன்.

போயா விடியுமுன் வேன் கிளம்பியது. அப்பா வரவில்லை, தொழிற்சாலையில் முந்தின நாள் கொழுந்து அரைக்கக் கிடந்தது. அம்மா மாம்பழச் சேலையில் ஜன்னலோரம். சேலையில் லேசாகப் பூசணம் வாசம். மாமா மடியில் ஒரு புது ஒட்டுப்பால் பந்து. கிளார்க்கையா முன் சீட்டில், கையில் பட்டியல்: பெயர், வயது, அடையாள அட்டை எண், கீழே ஆபீஸ் முத்திரை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் போவதென்றால் இப்படி ஏதாவது ஒரு கடதாசி வேண்டும். அவிசாவளை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். என்னை ஏழு வாரம் ஆட்டிவைத்த பட்டியலை ஓர் இளம் சிப்பாய் நிதானமாகப் படித்தான். பதினான்காவது பெயருக்கு வந்து என்னைப் பார்த்தான்.

"எங்கே போறீங்க?" சிங்களத்தில்தான்.

"பிராக்டீஸ் பார்க்க," என்றார் மாமா.

சிப்பாய் சிரித்தான். "அத போய நே?" இன்றைக்குப் போயா அல்லவா.

என் வலது கால் செருப்போடு ஆடியது. நல்ல வேளையாக மாமா உடனே பதில் சொல்லிவிட்டார்: "உங்களுக்கும் லீவு இல்லையே சேர்." சிப்பாய்க்கு அது பிடித்துப்போனது. ஏறிக்கொள்ளச் சொன்னான். மாமாவின் வாய்ச்சாலகத்தை வேன் முழுக்க மெச்சியது. நானும் மெச்சினேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அப்பால் வலைகள் இரவு மழையில் நனைந்து தொங்கின. ஒரு மனிதர்கூட இல்லை. தெருவில் வெள்ளை உடுத்தவர்கள் பூத்தட்டோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காவல்காரர் பனியனோடு வந்தார். எங்கள் பதினான்கு பேரையும், எங்கள் சோற்றுப் பொட்டலங்களையும் பார்த்தார்.

இன்றைக்குப் போயா, யாரும் வரமாட்டார்கள், நாளைக்கு வாருங்கள் என்றார். வருவதற்கு முன் ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார்.

கிளார்க்கையா மெல்லத் திரும்பினார். பட்டியலில் இருந்த மற்ற எல்லோரும் திரும்பினார்கள். "புள்ள, நான் எழுதித் தந்தத சரியாச் சொன்னியா? சொன்னபடி இங்கிலீசுல கேட்டியா?"

வாயைத் திறந்தேன். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லவிதமாக நினைத்துக்கொள்ள ஆசைதான்.

"அவ சரியாத்தாங்கய்யா கேட்டா," என்றார் மாமா. "நான்தான் நாள மாத்தி வெளங்கிக்கிட்டேன்."

"நீயா!"

"ஆமாங்க. என்மேலதான் தப்பு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்தது. இதற்குமேல் அதை எந்த அலங்காரமும் செய்து எழுத முடியவில்லை.

கிளார்க்கையா ஏச ஆரம்பித்தார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே, பந்தைக் கேட்டுக்கு அடியால் உள்ளே உருட்டிவிட்டார். அது ஈரப் புல்லில் நேராகப் போய், திடீரென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல இடப்பக்கம் திரும்பி, வலைக்குப் பத்தடி முன்னால் நின்றது. காவல்காரர் எடுத்துத் தரவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து அந்த மைதானத்தில் இறங்கியது அந்த ஒன்றுதான்.

அம்மாவுக்கு மட்டும் ஏமாற்றம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். தூரத்தில் ஒரே ஓர் ஆள் புல்லுக்கு இயந்திரம் தள்ளிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இங்க பாரேன். இம்புட்டுப் பெரிய மலைக்கு ஒரு களை இல்ல!" தேயிலை நிலத்தை நாங்கள் மலை என்போம்.

"மலை இல்லக்கா, மைதானம்."

"இருக்கட்டும். போயாவுல வேலை செய்றானே, ஒன்றரைப் பேர் போடுவாங்களா?"

அரை மணி நேரம் அதைப் பார்த்தாள். பதினைந்து வருடம் புல் வெட்டியவள், இன்னொருவன் வெட்டுவதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கடற்கரையில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இரத்தினபுரி வரைக்கும் கிளார்க்கையா ஏசினார். அதற்குப் பிறகு களைத்துத் தூங்கினார். மறுநாளிலிருந்து தோட்டத்தில் மாமாவுக்குப் பெயர் "போயா". ஒரு மாதத்தில் விசா வந்தது. வழியனுப்ப வந்தவர்களும், "போயா, அங்கயாவது லீவு பார்த்துப் போ," என்றுதான் கையாட்டினார்கள். அவரும் சிரித்தார். நான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். அதையே மன்னிப்பாக அவர் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பெட்டியில் பாரமேயில்லை.

போன மாதம் மாமா வீடியோவில் அழைத்தார். தலை முழுக்க நரை. டுபாயில் ஒரு விளையாட்டரங்கில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. நம் தேசிய அணி அங்கே பயிற்சிக்கு வந்திருக்கிறதாம். வலைக்குப் பக்கத்திலேயே நின்று போனைத் தூக்கிக் காட்டினார். படம் ஆடியது.

"வெரல் தெரியுதா புள்ள?"

"தெரியல மாமா."

"எனக்குத் தெரியுது. ஒண்ணும் வெளங்கல. சும்மா பிடிச்சிருக்கான், போடுறான். காலையிலேருந்து ஒரே பந்தத்தான் போட்டுக்கிட்டு இருக்கானுக. நம்ம ஆளுக கொழுந்து எடுக்கிற மாதிரிதான்."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று பட்டது. "மாமா, அன்னைக்குப் போன்ல அந்தாளு கடைசியா ஒண்ணு சொன்னாரு..."

"போய தவசட நே."

கால் நின்றுவிட்டது. "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தாளு கத்தின கத்துக்கு ரோட்டுக்கே கேட்டிருக்கும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கந்தானே நின்னேன்."

"தெரிஞ்சுமா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனீங்க? எனக்காகவா?"

"ஒனக்காகவா! ஒன்ன யாரு கணக்குல எடுத்தா?" என்று சிரித்தார். "வேலை நாள்ல போயிருந்தா நான் வெரலப் பார்த்திருப்பேன். நீ எப்படியும் படிச்சுக் கொழும்புக்குப் போயிருவன்னு தெரியும். எங்கக்கா? அவ பிரசவத்துக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனதோட சரி. அதத் தாண்டி ஒரு எடம் பார்த்ததில்ல. மூணு வாரமா அந்தச் சேலைய எடுத்துத் தொங்கப் போட்டிருந்தாளே, நீ பார்க்கலையா?"

அம்மா போய் நான்கு வருடமாகிறது.

"பார்த்தேன் மாமா," என்றேன். பார்த்தேன்தான். ஈரச் சேலை முகத்தில் படாமல் குனிந்து போக மட்டும்தான் தெரிந்திருந்தது.